சத்தம் தாங்காத காதுக்குக் குறைந்த செலவில் ஒரு கவசம்

எங்கள் பக்கத்து வீட்டில் காலை ஆறரைக்கு மிக்ஸி ஓடும். தேங்காய்ச் சட்னி என்றால் விட்டுவிட்டு நாலைந்து முறை கடகடத்துவிட்டுப் பிறகு சீராகும். தக்காளிச் சட்னி சீக்கிரம் அடங்கிவிடும். இட்லிப் பொடி அரைக்கும் நாள்தான் மோசம். வறுத்த உளுந்து ஜாரின் சுவரில் மோதும் அந்த வறட்டுச் சத்தம் எனக்குப் பல்லின் வேர்வரை இறங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன அரைபடுகிறது என்று இங்கிருந்தே சொல்கிறேனாம், எவ்வளவு கூர்மையான காது என்று வீட்டில் கேலி செய்வார்கள். அவர்கள் கூர்மை என்பதை நான் தாங்காமை என்பேன்.

இப்படிப்பட்ட காது உள்ளவர்கள் முதல் முறை கடைக்குப் போகும்போது பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். நானும் செய்தேன். விளம்பரத்தைப் பார்த்து நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு இரைச்சல் நீக்கும் ஹெட்போன் ஒன்றை வாங்கினேன். மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தியதும் மின்விசிறியின் இரைச்சல் காணாமல் போனது. அப்பாடா என்று கண்ணை மூடினேன். அடுத்த நிமிடம் குக்கர் விசிலடித்தது. அதுவரை விசிறிச் சத்தத்தோடு கலந்து வந்த விசில், இப்போது துடைத்துவைத்த பாத்திரம் போலப் பளிச்சென்று தனியாக வந்தது. ஹெட்போனைக் குற்றம் சொல்ல முடியாது. எந்தச் சத்தம் என்னை வதைக்கிறது என்று யோசிக்காமல் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியது நான்தான். இன்று நான் அதிகம் பயன்படுத்துவது, பட்டறைகளில் தொழிலாளர்கள் மாட்டிக்கொள்ளும் ரூ.600 இயர்மஃப்.

அந்தச் சுற்றுவழியில் நீங்களும் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு வாரம் நோட்டு எழுதுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், எந்தச் சத்தம், எந்த நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, உடம்பில் என்ன ஆனது என்று ஏழு நாள் குறித்துவையுங்கள். என் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருக்கிறது: “6.35 மிக்ஸி, இரண்டு நிமிடம், தாடை இறுகியது. 8.50 பஸ், ஏர்ஹாரன், மூன்று முறை, நெஞ்சு படபடப்பு. 11 மணி அலுவலக ஏசி, நாள் முழுக்க, மாலையில் தலைவலி. 1.15 சாப்பாட்டு அறை, எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தது. 9 மணி மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.”

வாரக் கடைசியில் பார்த்தால் சத்தங்கள் தாமாகவே பிரிந்து நிற்கும். ஏசி, விசிறி, பஸ் எஞ்சின், ஜெனரேட்டர் எல்லாம் தாழ்ந்த குரலில் ஒரே சீராக உறுமுபவை. குக்கர் விசில், தட்டு விழுவது, ஹாரன், பட்டாசு ஆகியவை சட்டென்று வந்து குத்துபவை. பக்கத்து மேசைக்காரரின் பேச்சு, யாரோ முறுக்கு மெல்வது, பேனாவை டிக் டிக் என்று தட்டுவது போன்றவை அளவில் சின்னவை; ஆனால் சிலருக்கு இவைதான் பெரிய எதிரி. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. உங்கள் நோட்டில் எந்த வகை அதிகம் என்பதே நீங்கள் வாங்க வேண்டிய பொருளைப் பாதி முடிவு செய்துவிடும்.

இரண்டாம் படி: காரணம் என்ன என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்

சாதாரணச் சத்தமே வலியாகப் படுவதை மருத்துவத்தில் ஹைப்பரகியூசிஸ் என்கிறார்கள். மெல்லுவது, உறிஞ்சுவது போன்ற குறிப்பிட்ட ஒலிகள் மட்டும் கோபத்தையோ அருவருப்பையோ கிளப்பினால் அதற்கு மிசோஃபோனியா என்று பெயர். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தலைவலி வரும் நாளில் எல்லாச் சத்தமும் பகை. ஆட்டிசம் உள்ள பலருக்குப் புலன்கள் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்வது இயல்பு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேடும் இதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

இந்தத் தொல்லை திடீரென்று தொடங்கியிருந்தால், ஒரு காதில் மட்டும் இருந்தால், கூடவே இரைச்சலோ தலைச்சுற்றலோ காது மந்தமோ இருந்தால் ஹெட்போன் தேடுவதை நிறுத்திவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் அதே நாளில் போக வேண்டும்.

மூன்றாம் படி: எந்த வகை?

காதுக்குள் செருகும் நுரைப் பஞ்சு அடைப்பான்தான் இருப்பதிலேயே மலிவு. ஜோடி பத்து ரூபாயிலிருந்து முப்பது ரூபாய்க்குள் கிடைக்கும். சரியாகப் போட்டால் இதன் தடுப்புத் திறன் பல விலையுயர்ந்த ஹெட்போன்களைத் தோற்கடிக்கும். சரியாகப் போட்டால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தூங்குவதற்கும் நீண்ட பஸ் பயணத்துக்கும் இதைப் போல வேறில்லை.

அடுத்தது இயர்மஃப். இரண்டு கிண்ணம், நடுவில் ஒரு வளையம், உள்ளே தடிமனான நுரை. மின்சாரம் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், பாட்டும் கேட்காது. வெறும் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசில், தட்டு, கிரைண்டர் கல் உரசுவது போன்ற கீச்சொலிகளை நன்றாகத் தடுக்கும். ஒரு நொடியில் மாட்டலாம், ஒரு நொடியில் கழற்றலாம். திடீர்ச் சத்தங்களால் அவதிப்படுகிறவர்கள் இதைத்தான் முதலில் வாங்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. ஆனால் தாழ்ந்த ஒலிகளிடம் இது சற்றுத் தோற்றுப்போகும். மண்டபத்து ஸ்பீக்கரின் தும் தும் அதிர்வு தரை வழியாகவும் எலும்பு வழியாகவும் உடம்புக்குள் வந்துவிடுகிறது. அதை எந்தக் கிண்ணமும் முழுதாக நிறுத்தாது.

மூன்றாவது, ஏ.என்.சி. எனப்படும் மின்னணு முறை. வெளியே உள்ள மைக் இரைச்சலைக் கேட்கிறது. உள்ளே உள்ள சில்லு அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்குகிறது. ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஜெர்மானியரான பால் லூயெக் இந்த யோசனைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1936-இல். ஆனால் தலையில் மாட்டும் பொருளாக அது உருவானதற்குப் பின்னால் ஒரு விமானப் பயணம் இருக்கிறது. வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன ஒரு சுதந்திரப் போராட்டக்காரரின் மகன் அமர் போஸ், ‘போஸ்’ ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவர். 1978-இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழியில், விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் ஒழுங்காகக் கேட்கவில்லை. இருக்கையிலேயே கணக்குப் போடத் தொடங்கினார். அவருடைய நிறுவனத்தின் விமானிகளுக்கான ஹெட்போன் 1989-இல்தான் விற்பனைக்கு வந்தது. பிறந்த கதையே அதன் குணத்தைச் சொல்லிவிடுகிறது: விமான எஞ்சின் போன்ற சீரான, தாழ்ந்த உறுமலுக்காகவே செய்யப்பட்ட பொருள் அது. பஸ், ரயில், ஏசி, விசிறிக்கு அருமை. சட்டென்று வந்து போகும் விசிலின் அலை மிகச் சிறியது, வேகமானது. அதற்குச் சரியான எதிரலையைச் செய்து முடிப்பது சில்லுக்கு முடியாத காரியம். அங்கே காதை மூடியிருக்கும் மெத்தைதான் வேலை செய்கிறது. மெல்லிய மெத்தை கொண்ட மலிவு மாடல்களில் அந்த வேலையும் சுமார்தான்.

இன்னொன்று: ஏ.என்.சி.யைப் போட்டதும் சிலருக்குக் காதில் அழுத்தம் ஏறுவது போலவும், லேசாகக் குமட்டுவது போலவும் இருக்கும். புலன்கள் நுட்பமாக உள்ளவர்களுக்கு இது கூடுதலாகவே தெரியலாம். கடையில் அரை நிமிடம் மாட்டிப் பார்த்தால் போதாது. திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். காதுக்குள் போகிற பொருளைச் சுகாதாரம் கருதிப் பல கடைகள் திரும்ப வாங்குவதில்லை என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலாவதாக, இசைக் கலைஞர்களுக்கென்று வரும் வடிகட்டி வைத்த சிலிகோன் அடைப்பான்கள். எல்லாச் சத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்து, பேச்சை மட்டும் புரியும்படி விட்டுவைக்கும். கல்யாண வீட்டில் நாலு பேரோடு பேசியாக வேண்டும், தவிலும் தாங்காது என்பவர்களுக்கு இது தோது.

மெல்லும் சத்தம் தாங்காதவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. காதை அடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால் உங்கள் சொந்த மெல்லுதல் மண்டைக்குள் இடிக்கும். அவர்களுக்கு அடைப்பதைவிட மறைப்பது நல்லது. ஒரு காதில் சின்ன இயர்போன், அதில் மழைச் சத்தமோ விசிறிச் சத்தமோ மெதுவாக. எதிரே இருப்பவர் அப்பளத்தை நொறுக்கினாலும் மழையோடு கலந்து போய்விடும்.

நாலாம் படி: பெட்டியில் உள்ள எண்ணைப் படிப்பது

இந்த இடத்தில்தான் பணம் வீணாகிறது. பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்க முறையில் சோதித்த பொருளில் என்.ஆர்.ஆர். என்றும் ஐரோப்பிய முறையில் சோதித்த பொருளில் எஸ்.என்.ஆர். என்றும் ஓர் எண் அச்சிட்டிருக்கும், எவ்வளவு சத்தத்தைக் குறைக்கும் என்று டெசிபல் கணக்கில். ஒரே பொருளுக்கு எஸ்.என்.ஆர். பொதுவாகக் கூடுதலாக இருக்கும். பரவலாகக் கிடைக்கும் 3எம் நிறுவனத்தின் 1100 வகை நுரை அடைப்பானுக்கு என்.ஆர்.ஆர். 29, எஸ்.என்.ஆர். 37. பொருள் ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. ஆகவே ஒரு பெட்டியில் 29, இன்னொன்றில் 33 என்று பார்த்து இரண்டாவதை எடுத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே அளவுகோலா என்று முதலில் பாருங்கள்.

அடுத்த சங்கதி, அந்த எண் முழுதாக உங்கள் காதுக்குக் கிடைக்காது. ஆய்வுக்கூடத்தில் நிபுணர் மாட்டிவிடுவதும் நாம் அவசரத்தில் மாட்டிக்கொள்வதும் ஒன்றல்ல. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை இதற்கு எளிய கணக்கு ஒன்றை வைத்திருக்கிறது: என்.ஆர்.ஆர். எண்ணிலிருந்து 7 கழித்து, வருவதைப் பாதியாக்கு. என்.ஆர்.ஆர். 25 உள்ள இயர்மஃப் என்றால் 18-இல் பாதி, 9 டெசிபல். மிக்ஸி அருகில் என் கைபேசிச் செயலி 88 காட்டியது. இயர்மஃப் மாட்டினால் 79 என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவுதானா என்று தோன்றும். டெசிபல் கூட்டல் கணக்கில் போவதில்லை. பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியானது போலத் தோன்றும். ஒழுங்காகப் பொருந்தினால் இதைவிட நன்றாகவே கிடைக்கும். ஆனால் வாங்கும்போது இந்தக் கஞ்சக் கணக்கையே நம்புங்கள்.

அடைப்பானைப் போட்டு அதன் மேல் இயர்மஃபையும் மாட்டினால் இரண்டு எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பெரியதோடு 5 டெசிபல் சேர்த்துக்கொள்ளுங்கள், போதும். அதற்கு மேல் சத்தம் எலும்பு வழியாக வரத் தொடங்கிவிடுகிறது.

பெரிய எண்ணைத் துரத்துவதும் வேண்டாம். 3எம் பெல்ட்டார் வரிசையில் எக்ஸ்5ஏ என்ற மாடலுக்கு என்.ஆர்.ஆர். 31, எடை 351 கிராம். அதே வரிசையில் எக்ஸ்1ஏ மாடலுக்கு 22. எடை 184 கிராம். கல் உடைக்கும் இடத்தில் நிற்பவருக்கு முதலாவது சரி. மளிகைக்கடைக்குப் போய் வருகிறவர் தலையில் கால் கிலோவுக்கு மேல் சுமந்தால் பத்து நிமிடத்தில் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். கையில் இருக்கும் இயர்மஃபின் தடுப்புத் திறன் பூஜ்யம்.

இப்போது முக்கியமான பொறி ஒன்று. மலிவு இயர்பட்ஸ் பெட்டிகளில் ஈ.என்.சி. என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். பார்க்க ஏ.என்.சி. போலவே இருக்கும். ஆனால் ஈ.என்.சி. என்பது நீங்கள் போனில் பேசும்போது மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் தெருச் சத்தம் கேட்காமல் செய்யும் ஏற்பாடு. மைக்குக்கானது. உங்கள் காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. விற்பனையாளர்களே சிலர் இரண்டையும் குழப்புகிறார்கள். “நாய்ஸ் கேன்சலிங் இருக்கிறது” என்று சொன்னால் “யாருக்கு, எனக்கா, எதிர்முனைக்கா?” என்று கேளுங்கள்.

“45 டெசிபல் வரை இரைச்சல் நீக்கம்” என்று இயர்பட்ஸ் பெட்டியில் பார்த்து, இயர்மஃபின் 25-ஐவிடப் பெரிது என்று மயங்கவும் வேண்டாம். “வரை” என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏதோ ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த ஒலியில் கிடைத்த உச்சத்தைப் போட்டிருப்பார்கள். என்.ஆர்.ஆர். எண் பல ஒலிகளுக்கும் சேர்த்துச் சோதித்து வந்தது. இரண்டையும் ஒப்பிடுவது கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுவது போல.

எண்ணே இல்லாத இயர்மஃபை வாங்காதீர்கள். ஐ.எஸ். 9167 அல்லது ஈ.என். 352 என்ற தர எண் பெட்டியிலோ கிண்ணத்தின் மேலோ இருக்க வேண்டும். பொம்மைக்கடை இயர்மஃபுகளில் பல பார்க்க அழகு, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: எங்கே வாங்குவது, எப்படி மாட்டிப் பார்ப்பது

இயர்மஃபைக் கைபேசிக் கடையில் தேடாதீர்கள். தலைக்கவசம், கையுறை, வெல்டிங் கண்ணாடி விற்கும் தொழிற்பாதுகாப்புச் சாதனக் கடைகளுக்குப் போங்கள். சென்னையில் பாரிமுனைப் பக்கம், தொழில் ஊர்களில் ஹார்டுவேர் கடைகள் கூடும் தெருக்களில் கிடைக்கும். நான் போன கடையில், “மில்லுக்கா, பட்டறைக்கா?” என்று கேட்டார். “வீட்டுக்கு” என்றேன். “வீட்டில் என்ன மெஷின் ஓடுகிறது?” என்றார். மிக்ஸி என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, சொன்னேன். சிரித்துவிட்டு, தம் மனைவியும் கிரைண்டர் ஓடும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்வார் என்றார். (சாதாரணப் பஞ்சு ஏறக்குறைய ஒன்றையும் தடுப்பதில்லை. அவரிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.) சாதாரண இயர்மஃப் ரூ.300 முதல் ரூ.900 வரை இருந்தது. மேலே போகப் போக எடையும் மெத்தையும் நன்றாக இருந்தன.

மாட்டிப் பார்க்கும்போது மெத்தை காதைச் சுற்றி முழுதாக உட்கார வேண்டும். காதின் மேல் உட்காரக் கூடாது. எங்கே இடைவெளி விழுந்தாலும் சத்தம் அந்த வழியாக வந்துவிடும். மூக்குக்கண்ணாடியின் தடித்த காம்பு அப்படி ஓர் ஓட்டையைப் போடும். மெல்லிய கம்பிக் காம்பு தேவலை. ஜிமிக்கி, தொங்கட்டான் கதையும் அதுவே. காதோரம் முடி தடியாக இருந்தால் பின்னால் ஒதுக்கிவிடுங்கள். கொண்டையும் பூவும் வைத்திருப்பவர்களுக்குத் தலைக்கு மேல் வளையம் உட்காராது. பிடரிப் பக்கமாகப் போகும் வளையம் கொண்ட மாடலைக் கேளுங்கள்.

புது இயர்மஃப் கிடுக்கி போல இறுக்கும். வீட்டில் இரண்டு நாள் ஒரு தடித்த புத்தக அடுக்கின் மேல் விரித்து மாட்டிவையுங்கள், சற்று இளகும். அதிகம் இளக்கிவிட்டால் அடைப்பும் போய்விடும், அளவாகச் செய்யுங்கள். மே மாத வெயிலில் உள்ளே வியர்த்து வழியும். அதற்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைப்பதைத் தவிர எனக்கு வழி தெரிந்ததில்லை. வெயில் காலத்தில் வெளியே போகும்போது நான் அடைப்பானுக்கு மாறிவிடுவேன்.

ஆறாம் படி: நுரை அடைப்பானைப் போடும் முறை

பெரும்பாலோர் இதை உருட்டாமல் அப்படியே காதுக்குள் திணிக்கிறார்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பிறகு, “பத்து ரூபாய்ப் பொருள் எப்படி வேலை செய்யும்?” என்பார்கள்.

முதலில் கையைக் கழுவுங்கள். மிளகாய் கிள்ளிய கையோடு ஒருமுறை உருட்டினேன், மறுமுறை செய்யமாட்டேன். அடைப்பானை விரல்களுக்கிடையே மெழுகுத்திரி போல மெலிதாக, மடிப்பு விழாமல் உருட்டுங்கள். வலக் காதுக்கு இடக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். உள்ளே வளைந்திருக்கும் வழி நேராகும். உருட்டியதை வேகமாக உள்ளே விட்டு, விரல் நுனியால் முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். நுரை மெல்ல விரிந்து இடத்தை நிரப்புவது காதுக்குள்ளேயே தெரியும், மழைக்காலத்தில் கதவு உப்பி நிலையில் இறுகுவது போல.

சரியாக உட்கார்ந்ததா என்று அறிய, இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திப் பொத்தி எடுங்கள். சத்தத்தில் பெரிய மாற்றம் இல்லையென்றால் சரி. கை வைத்ததும் நிறைய குறைந்தால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்பதும் நல்ல அறிகுறி.

எடுக்கும்போது மெல்லத் திருகி இழுங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் வலிக்கும். அழுக்கானால் தூக்கிப் போடுங்கள். நுரையைக் கழுவிப் பயன்படுத்தக் கூடாது. காதில் சீழோ புண்ணோ குறும்பி அடைப்போ இருந்தால் எதையும் செருகவே கூடாது.

குழந்தைகளுக்கு

என் அக்கா மகனுக்கு ஆட்டிசம் உண்டு, ஏழு வயது. அவனுக்கு இயர்மஃப் வாங்கிய அன்றே மாட்டிவிட முயன்றோம்; வீசி எறிந்தான். அக்கா அதை அப்படியே விளையாட்டுக் கூடையில் போட்டுவைத்தாள். மூன்று நாள் கழித்து யானைப் பொம்மையின் தலையில் மாட்டியிருந்தான். பிறகு தாத்தாவுக்கு. பத்து நாள் போனபின் தானாகவே மாட்டிக்கொண்டு வந்து நின்றான். அவசரப்படுத்தியிருந்தால் அந்த ரூ.800 வீணாகியிருக்கும்.

சிறு குழந்தைகளுக்கு நுரை அடைப்பான் வேண்டாம். விழுங்கினால் மூச்சடைக்கும். பெரியவர்களின் இயர்மஃபும் வேண்டாம்; பிடி அதிகம், கிண்ணம் பெரிது. சிறுவர் அளவென்றே தனியாக வருகிறது. அதைத் தாங்களே கழற்றத் தெரிந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். பள்ளிக்குக் கொடுத்தனுப்பினால் வகுப்பாசிரியருக்கு ஒரு சிறு கடிதமும் எழுதுங்கள். பாட்டுக் கேட்கும் கருவி என்று நினைத்துப் பிடுங்கிவைத்துவிடுவார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை அந்தக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்ப்பதில் தவறில்லை.

அளவு, பழக்கும் முறை பற்றியெல்லாம் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரைக் கேட்பது நல்லது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கே இத்தகைய சிகிச்சையாளர்கள் உண்டு.

எப்போது மாட்டக் கூடாது

சாலையைக் கடக்கும்போது, இருசக்கர வாகனத்தில், ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். வீட்டில் தனியாக அடுப்பில் ஏதாவது வைத்திருக்கும்போதும் வேண்டாம். விசிலுக்குப் பயந்து காதை மூடியவள் விசிலை எப்படி எண்ணுவாள்? எங்கள் வீட்டில் துவரம்பருப்பு கரியானது அப்படித்தான். இப்போது கடிகாரத்தில் பத்து நிமிடம் வைத்துவிடுகிறேன்.

இன்னொரு விஷயத்தைக் கடைக்காரர் யாரும் சொல்லமாட்டார். நாள் முழுக்கக் காதை அடைத்து வைத்திருந்தால் காது இன்னும் மோசமாகும். வெளியிலிருந்து வரும் ஒலி குறையக் குறைய, மூளை தன் பங்குக்கு ஒலியைக் கூட்டிக்கொள்கிறது. இரண்டு வாரம் தொடர்ந்து காதடைப்பான் போட்டிருந்தவர்களுக்கு, எடுத்த பிறகு முன்பைவிடச் சத்தம் பெரிதாகப் பட்டது என்று 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எனக்கும் நேர்ந்தது. முதல் மாதம் தூங்கும் நேரம் தவிர எப்போதும் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கழற்றியபோது காகிதத்தைக் கசக்கும் சத்தமே குத்தியது. இப்போது என் கணக்கு: சத்தம் வரும்போது மாட்டு, போனதும் கழற்று. அமைதியான அறையில் மாட்டுவதில்லை. ஹைப்பரகியூசிஸ் என்று உறுதியானவர்கள் செவித்திறன் நிபுணரிடம் போனால், மெல்லிய ஒலிகளைக் கேட்க வைத்துப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை உண்டு.

இரைச்சலை மறைக்கப் பாட்டைக் கூட்டிவைப்பதும் கூடாது. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகள் 75 டெசிபல். உலக சுகாதார நிறுவனம் போட்டிருக்கும் கோடு இது.

தீபாவளியும் ஆடி மாதமும்

பட்டாசுக்கு நம் நாட்டு விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல்தான் உச்சம். ஒரு குடியிருப்புப் பகுதியில் பகலில் இருக்க வேண்டிய அளவு 55 என்று அதே அரசு சொல்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்துவருகிறது. ஊரார் அதை அப்படியே கடைப்பிடிப்பார்கள் என்று நம்பி உட்கார வேண்டாம். பட்டாசு வெடிக்கும் நாட்களில் அடைப்பானும் இயர்மஃபும் சேர்த்துப் போடுங்கள். தெருவை ஒட்டாத அறைக்குப் போய்விடுங்கள். குழந்தைக்கு இயர்மஃபை ஒரு மாதம் முன்பே பழக்கிவிடுங்கள்.

ஆடி மாதக் குழாய் ஒலிபெருக்கிக்கு இயர்மஃப் நன்றாகவே கைகொடுக்கும், ஏனென்றால் அது கீச்சுக்குரல். கச்சேரி மேடையின் பெரிய ஸ்பீக்கருக்கு அவ்வளவாக இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். காவல் நிலையத்துக்குப் போன் செய்ய வேண்டி வந்தால் இந்த விதியின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், பேச்சின் தொனி மாறும்.

பணம் குறைவாக இருந்தால் எந்த வரிசையில்?

முதலில் ரூ.100-க்கு நாலைந்து ஜோடி நுரை அடைப்பான், இரண்டு மூன்று வகைகளில். காதுத் துளை ஆளுக்கு ஆள் வேறு. என் அக்காவுக்குப் பொருந்துவது எனக்கு வெளியே வந்து விழும். அடுத்த மாதம் ரூ.600 பக்கம் ஓர் இயர்மஃப். இவை இரண்டோடு ஒரு மாதம் ஓட்டிவிட்டு நோட்டைத் திறந்து பாருங்கள். ஏசி, பஸ், ரயில் என்று சீரான உறுமல்கள் இன்னமும் பட்டியலில் நின்றால் மட்டும் ஏ.என்.சி.க்குப் பணம் சேர்க்கலாம், இயர்பட்ஸ் ரூ.1,500-லிருந்தும் தலையில் மாட்டும் வகை ரூ.3,000 பக்கமிருந்தும் தொடங்குகின்றன. பலருக்கு அந்தத் தேவையே வராது.

இயர்மஃபின் மெத்தையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஸ்பிரிட் போட்டால் அதன் மேலுறை வெடிக்கும். மெத்தை கடினமாகிவிட்டால், வெடிப்பு விழுந்தால் தடுப்புத் திறன் போய்விட்டது என்று அர்த்தம். நல்ல நிறுவனங்கள் மெத்தையை மட்டும் தனியாக விற்கின்றன, வாங்கும்போதே கேட்டுவையுங்கள். அலமாரிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். என்னுடையது சமையலறை வாசலில், கரண்டிகள் தொங்கும் கம்பியில் கடைசிக் கொக்கியில் தொங்குகிறது. பக்கத்து வீட்டில் உளுந்து வறுக்கும் வாசனை வந்ததும் கை அதை எடுத்துவிடும்.